ரயில்வே கேட்டில் ஒரு சிரிப்பு

— இல்லீங்கண்ணா, படத்தை எடுத்தது நான்தானுங்க. ஆனா அதுல இருக்கறவங்க யாரு என்னன்னு சத்தியமாத் தெரியாதுங்க.

— தெரியாதவங்களப் படம் புடிச்சு பேப்பர்ல போடுவியா தம்பி?

— அதுதானுங்க கேண்டிட் ஃபோட்டோங்கறது. சொல்லிட்டு எடுத்தா எல்லாரும் விறைச்சுக்கிட்டு நிப்பாங்க. சொல்லாம எடுத்தாத்தான் உண்மை வரும். மொதல்ல உள்ள வாங்க. வாசல்லயே நின்னு பேசினா பக்கத்து ஃப்ளாட்காரங்க எட்டிப் பாப்பாங்க.

— எட்டிப் பாத்தா உனக்குக் கஷ்டமா கீதோ? அச்சா.

— அதுக்கில்லீங்க. ஞாயித்துக்கிழமை காத்தால, எல்லாரும் தூங்கற நேரம். உக்காருங்க. அந்தத் துணியெல்லாம் தள்ளி விட்ருங்க. உங்க பேரு சொல்லலீங்களே?

— ரவிசந்திரன். இதே பூனாவுல கட்கி. எங்கப்பா காலத்துலேர்ந்து ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்தான். ஊரு ஆற்காடு பக்கம்னு சொல்லிக்குவோம். போயி வருசக்கணக்காவுது.

— நான் கோகுல்நாத். கோயமுத்தூருங்க. இங்க ஹடப்சர்ல சாஃப்ட்வேர் கம்பெனி. ஃபோட்டோ எடுக்கறது லீவு நாள்ல மட்டும்.

— பேரு பேப்பர்லயே கீது. கோகுல்நாத், ஹடப்சர். தமிழ்ப் பேரா கீதேன்னு இங்க நம்மாளுங்க மெஸ்ல போயி விசாரிச்சேன். கேமராவக் கழுத்துல மாட்டிக்கினே சோறு துன்ற புள்ளையான்னு கேட்டு, வூட்டக் காட்டி வுட்டாங்க.

— ஹஹ. சாப்பிடும்போதுதானுங்க நல்ல நல்ல முகம் கிடைக்கும்.

— இந்தா, பாரு. இதானே நீ எடுத்தது? முதல் பரிசுன்னு போட்டுக்கீறான்.

— ஆமாங்க. பேப்பரை இப்படி நாலா மடிச்சு வெச்சா கலர் போயிருமுங்க...

— மழை. ரயில்வே கேட்டு மூடிக்கீது. ஜனங்க நிக்குது. நடுவுல ஒரு ஸ்கூட்டரு. பின்னாடி ஒண்ணு உக்காந்துக்கினு கீது பாரு, மூஞ்சி பூரா ஸ்கார்ஃபு கட்டிக்கினு.

— அதுதானுங்க படமே! முகமே தெரியாது, ஆனா சிரிக்கறாங்கன்னு தெரியும். கண்ணைப் பாருங்க, தலை பின்னாடி சாஞ்சிருக்கறதைப் பாருங்க. ஜட்ஜ் அதைத்தான் எழுதியிருந்தாரு.

— ஜட்ஜு எழுதட்டும். அது எங்க வூட்டுது தம்பி.

— உங்க... உங்க பொண்ணுங்களா?

— கொஞ்சம் தண்ணி குடு.

— இந்தாங்க. ஃப்ரிட்ஜ் தண்ணி வேண்டாம்னா பானையில... இல்லீங்க, பானை இல்ல. இதையே குடிங்க. அடடா, சங்கடமாப் போச்சேண்ணா. ஆனா எப்படிங்க உறுதியாச் சொல்றீங்க? இந்தப் பூனாவுல வண்டியில போற பொண்ணுங்க அத்தனை பேரும் கண்ணை மட்டும் விட்டுட்டுச் சுத்திக்கிறாங்க. கையில முழங்கை வரைக்கும் கிளவுஸ். வயசு என்ன, கலர் என்ன, ஒண்ணும் தெரியாது. பெத்தவங்களே அடையாளம் கண்டுபிடிக்க முடியாதுங்க.

— ஆரஞ்சு ஸ்கார்ஃபு, பச்ச பார்டரு. துளசி பாக் பஜார்ல நான் வாங்கினது. கலரு நல்லாவே இல்லன்னு பீரோவுல போட்டு வெச்சுது. இப்பப் பாரு, நல்லாத்தான் கட்டிக்கினு கீது. அப்பறம் லெஃப்ட் கை கிளவுஸு. கட்டைவெரல்கிட்ட செவப்பு நூலு. கருப்பு நூலு தீந்துபோச்சுன்னு செவப்புல தெச்சுது. நான் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கினு இருந்தேன்.

— ஓ.

— போசரில தையல் கம்பெனி. தெனம் காத்தால போவுது, சாய்ந்தரம் வருது. பஸ்ஸுலதான் போறேன் பஸ்ஸுலதான் வர்றேன்னு சொல்லும். பாஸு கூட வாங்கிக் குடுத்தேன்.

— வேலைக்குப் போறவங்களா. நல்லதுதானுங்களே.

— பஸ்ஸுல போறவங்களுக்கு எதுக்கு தம்பி முழங்கை வரைக்கும் கிளவுஸு? இத்தன நாளா எனக்கு அது தோணவே இல்ல பாரு. நேத்து இந்தப் பேப்பரப் பாத்தப்புறம்தான் தோணுது. பீடிக்கட்ட மடிச்சுக் குடுத்தான் கடைக்காரன், இந்தப் பேப்பர்ல. பிரிச்சா, உள்ள எங்க வூட்டுது சிரிக்குது.

— பேரு என்னங்க அவங்களுக்கு?

— கனகவல்லி.

— அட, பழைய காலத்துப் பேரா இருக்குதுங்களே. பாட்டி பேரை வெச்சுட்டீங்களா?

— பாட்டி பேருதான். வெச்சது நான் இல்ல. அத வுடு. எனக்கு உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு வேணும். வண்டி நம்பரு. பேப்பர்ல கீழ வெட்டிட்டான். நீ எடுத்ததுல முழுசா இருக்கும் இல்ல?

— இருக்கும்... எதுக்குங்க?

— ஓட்றவன் ரெயின்கோட்டு தொப்பி போட்டுக்கினு அந்தப் பக்கம் திரும்பிக்கீறான். மூஞ்சி தெரியல. நம்பரு கெடச்சா ஆளு கெடைப்பான்.

— கெடச்சா?

— என் வண்டி டிக்கில ஒரு ராடு கெடக்குது. வேற இன்னா சொல்ல?

— ஐயோ அண்ணா! சாமி! இதுக்கு நான் நம்பர் குடுக்க மாட்டேனுங்க.

— அரே, படத்த மட்டும் குடுப்ப, நம்பர குடுக்க மாட்டியா? ஊருக்கே காட்டிட்ட. எனக்குக் காட்ட மாட்டியா?

— அது வேற, இது வேறங்க. எங்க தொழில்ல ஒரு விதி இருக்குதுங்க. சரி, தொழில் இல்ல, பழக்கம். நாங்க பாக்கறதோட சரி. அடுத்தவங்க வாழ்க்கையில கை வெக்க மாட்டோம். சாட்சி மாதிரிங்க.

— சாட்சின்னா வந்து சொல்லணும். நீ பரிசு வாங்கிக்கினு வூட்ல உக்காந்துக்கீறே.

— நீங்க கோவமா இருக்கீங்க. ஒரு காப்பி போட்டுட்டு வர்றேனுங்க. டிகாக்ஷன் இல்ல, இன்ஸ்டன்ட்தான். ரெண்டே நிமிஷம், பேசிக்கிட்டே போடலாம், அடுப்பு இங்கயேதான். கேளுங்கண்ணா, நான் சொல்றது தப்புன்னா... ஐயோ, என்னங்க, கேமராவைத் தொட்டுட்டீங்களா?

— மேல ஒரு பொத்தான் கீது. அமுக்கினேன். வெளிச்சம் வந்துச்சு.

— என்னையவா எடுத்தீங்க? ஏனுங்கண்ணா, ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்கக் கூடாதுங்களா? பனியனோட நிக்கறேன், பல்லுகூட இன்னும் விளக்கலீங்க. குடுங்க, அழிச்சர்றேன்.

— சொல்லாம எடுத்தாத்தான் உண்மை வரும்னு சொன்னியே.

— அது... சரிங்க. சரிங்க. புரியுது. இப்பக் காப்பி குடிங்க.

— சக்கர ஜாஸ்தி.

— அண்ணா, நான் சின்னவன், சொல்றேன்னு நெனைக்காதீங்க. ராடு எடுத்துட்டுப் போயி அந்தப் பையனை அடிச்சா என்ன ஆகும்? போலீசு வரும். குவார்ட்டர்ஸ் பூரா தெரியும். அவங்க பேருதான் கெடும்.

— இப்ப மட்டும் கெடலியா?

— இப்ப யாருக்குங்க தெரியும்? முகமே இல்லீங்களே படத்துல! ஊருக்கு அது யாரோ ஒரு பொண்ணு. செவப்பு நூலு உங்களுக்கு மட்டும்தானே தெரியும்.

— அது சரிதான்.

— இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவங்க சிரிக்கறதை நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?

— இன்னா கேள்வி இது.

— சொல்லுங்கண்ணா. இங்க வாங்க, கம்ப்யூட்டர்ல முழுப் படத்தைத் தொறக்கறேன். இல்லீங்க, நம்பர் பக்கம் போக மாட்டேன், மேல மட்டும் காட்றேன். இந்தாங்க. பேப்பர்ல மங்கலா இருந்துச்சு. இப்பப் பாருங்க.

— ...ஹாங். இது பெருசா கீது.

— கண்ணோரம் பாருங்க.

— தண்ணி நிக்குது. மழையா, கண்ணா?

— சிரிச்சுச் சிரிச்சு வந்ததுங்க. நான் பாத்துட்டே இருந்தேனே. கூட்ஸ் வண்டி, முடியவே இல்ல. எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க. அந்தப் பையன் சுட்ட மக்காச்சோளம் ஒண்ணு வாங்கி, உப்புக் காரமெல்லாம் தடவி, பின்னாடி இவங்ககிட்ட நீட்டறாரு. கேட்டுக்கு அடியில குனிஞ்சு ஒரு ஆடு வந்துச்சுங்க. லபக்குனு கையிலருந்து பிடுங்கிட்டு ஓடிருச்சு!

— ஆடா?

— ஆடுங்க! காரம் உறைச்சு அது தும்மிக்கிட்டே ஓடுது. இவங்க அந்தப் பையன் முதுகுல ஒரு அடி வெச்சுட்டு, அப்படியே தலையைப் பின்னால சாச்சாங்க பாருங்க. அப்ப எடுத்தது.

— ஆடு தும்மிச்சா. ஹே... நல்லா வேணும் அவனுக்கு.

— பாத்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வருது.

— வூட்ல இப்படிச் சிரிக்காது தம்பி. வூட்ல டிவி ஓடும். நான் ஷிஃப்டு முடிஞ்சு வந்து படுப்பேன். சோறு வெச்சுக்கீதுன்னு அது சொல்லும். துன்னுட்டேன்னு நான் சொல்லுவேன். அவ்ளோதான் பேச்சு. சண்ட கூடக் கெடையாது. சண்ட இல்லன்னா நல்லாக்கீறோம்னு தானே அர்த்தம்? நான் அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தேன்.

— பெத்தவங்க முன்னாடி யாருங்க இப்படிச் சிரிப்பாங்க? எங்கப்பா முன்னாடி நான் உக்காரவே மாட்டேன். அது உங்க தப்பு இல்லீங்க.

— யாரு தப்புன்னு தெரியல. பல்லு இவ்ளோ தெரியற மாதிரி சிரிச்சு... இல்ல, பல்லே தெரியல இதுல. ஆனா தெரியுது. எப்படி எடுத்தே?

— நான் ஒண்ணும் பண்ணலீங்க. அவங்க சந்தோஷமா இருந்தாங்க, நான் அங்க இருந்தேன். அண்ணா, மனசுல பட்டதைச் சொல்லிர்றேன். எத்தனை நாளைக்கு அவங்களை உங்ககூடவே வெச்சுக்க முடியும்?

— மத்லப்? இன்னா சொல்ல வர்றே?

— எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவங்கதானே.

— போக வேண்டியவங்களா?

— இல்லீங்களா பின்ன? உலகத்துல நடக்கறதுதானுங்களே. அவங்களுக்குப் பிடிச்ச இடம் எதுன்னு இந்தப் படமே சொல்லுது. நீங்க தடுத்தீங்கன்னா என்ன ஆகும்? ஒண்ணு, சொல்லாமக் கொள்ளாமப் போயிருவாங்க. இல்லாட்டி உங்களுக்காக வீட்டுலயே இருந்துருவாங்க, ஆனா இந்தச் சிரிப்பு இருக்காது. ரெண்டுல எதுங்க உங்களுக்கு வேணும்?

— நீ ரொம்ப சுலபமாச் சொல்றே தம்பி.

— வெளியில இருந்து பாக்கறவனுக்குத்தானுங்க தெளிவாத் தெரியும். நானா இருந்தா, முன்னாடி நின்னு, நானே கையைப் பிடிச்சு அந்தப் பையன்கிட்டக் குடுப்பேனுங்க.

— கையப் புடிச்சு. நானே.

— பெரிய மனசு வேணும், ஒத்துக்கறேன். ஆனா காலத்துக்கும் அவங்க உங்களை மறக்க மாட்டாங்க.

— உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

— எனக்குங்களா? இல்லீங்க. ஊர்ல பாத்துட்டு இருக்காங்க. போன மாசம் ஒண்ணு வந்துச்சு, ஃபோட்டோ நல்லா இருந்துச்சு. ஜாதகம் ஒட்டலைன்னு அம்மா வேண்டாம்னுட்டாங்க.

— அந்தப் பொண்ணப் பாத்தியா? பேசினியா?

— பாக்கலீங்க. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். நம்ம கதை எதுக்குங்க இப்ப.

— சரிதான். அடுத்தவன் வூட்டுக்குத்தான் நீ காதல் கல்யாணம் பண்ணி வெப்ப.

— அப்படி இல்லீங்கண்ணா...

— சும்மா சொன்னேன். நீ சொல்றது ஒண்ணும் தப்பு இல்ல. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. அது பக்கத்து ரூமுல தூங்குது. மூச்சு விட்ற சத்தம் கேக்குது. எழுப்பி மூஞ்சில இந்தப் பேப்பர வீசலாமான்னு தோணுச்சு. வீசல. ஏன்னு தெரியல. பயம்னு நெனைக்கிறேன். ஆமான்னு சொல்லிட்டா இன்னா பண்றது?

— ஆமான்னு சொன்னா ரொம்ப நல்லதுங்க. பொய் சொல்லலைன்னு அர்த்தம்.

— இன்னிக்குக் கேக்கறேன். கத்தாம கேக்கறேன். உக்காந்து, டிவிய நிறுத்திட்டு.

— அதுதானுங்கண்ணா வேணும்! மனசு நெறைஞ்சு போச்சுங்க.

— ஆனா ஓட்றவன் யாருன்னு தெரியாம நான் இன்னான்னு பேச்ச எடுப்பேன்? ஸ்கூட்டர்ல யாரோ ஒருத்தன்னா? அவன் நல்லவனா, குடிகாரனா? கையப் புடிச்சுக் குடுன்னு சொல்றே. யாரு கையில குடுக்கறதுன்னு நான் பாக்க வேணாமா?

— அது நியாயமான கேள்விங்க.

— அதான் நம்பரக் காட்டுன்றேன். ராடு டிக்கிலயே கெடக்கட்டும். வேணும்னா சாவிய உங்கிட்டக் குடுத்துட்டு பஸ்ஸுல போறேன்.

— சத்தியமா அடிக்க மாட்டீங்களே?

— இந்தப் படத்து மேல சத்தியம். போதுமா?

— நம்பறேனுங்க. இருங்க, கீழ இறக்கறேன்... பெருசு பண்றேன்... சேறு அடிச்சிருக்குது. எம்எச் பதினாலு, அப்புறம் ஒண்ணும் புரியல, கடைசில நாலோ, ஒம்பதோ...

— போதும்.

— இருங்க, வெளிச்சம் கூட்டினா தெரியும்.

— நக்கோ. போதும் தம்பி. நம்பரு வேணாம். மட்கார்டுல பாதி கிழிஞ்ச கணபதி ஸ்டிக்கரு கீது பாரு. கிழிச்சது நான்தான். வண்டி கழுவறப்ப பிரஷ்ஷு பட்டுக் கிழிஞ்சிடுச்சு. போனாப் போவுதுன்னு சொன்னான்.

— தெரிஞ்ச வண்டிங்களா!

— சுனில். ஃபாக்டரில என் செக்‌ஷன்தான். லீவு நாளானா எங்க வூட்லதான் கேரம் ஆடுவான். இட்லி சாம்பாருன்னா உயிரு.

— மராத்திக்காரருங்களா?

— மராத்திதான். ஆனா தமிழ் நல்லாப் பேசுவான். எங்க வூட்லதான் கத்துக்கினான். அதுதான் கத்துக் குடுத்துச்சு. நான் கேரம் காய அடுக்கிக்கினு இருப்பேன், அது அடுப்பாண்ட நின்னுக்கினு 'ழ' சொல்லிக் குடுக்கும். இவனுக்கு வரவே வராது. நான் சிரிப்பேன்.

— அண்ணா, இதைவிட என்னங்க வேணும்? வீட்டுல சாப்பிட்டவரு, பழக்கமானவரு, பாஷை தெரிஞ்சவரு! நான் எவனோ தெருப்பொறுக்கியா இருக்குமோன்னு உள்ளுக்குள்ள பயந்துட்டு இருந்தேன். குடிப்பாருங்களா?

— தொட மாட்டான்.

— கல்யாணம் ஆனவரு இல்லீங்களே?

— இல்ல. அம்மாவப் பாத்துக்கினு அப்படியே இருந்துட்டான். போன வருசம் அந்தம்மாவும் போயிடுச்சு. அப்ப எங்க வூட்லேர்ந்துதான் சோறு போச்சு.

— அப்புறம் என்னங்க தடை? ஒண்ணுமே இல்லீங்களே!

— ஒண்ணு கீது.

— ஜாதகமுங்களா?

— அந்த மாதிரிதான்னு வெச்சுக்கயேன்.

— எங்க ஊர்ல ஒரு ஜோசியரு இருக்காருங்க, எதுவா இருந்தாலும் பரிகாரம் சொல்லிருவாரு. நம்பர் வேணும்னா தர்றேன். அட, எந்திரிச்சுட்டீங்களா?

— கெளம்பறேன். அது சமையல ஆரம்பிச்சிருக்கும். இன்னிக்கி அவனும் சாப்பிட வருவான்.

— ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சே பேசிரலாமுங்க! இருங்க இருங்க, வெறுங்கையோட போகாதீங்க. கண்காட்சிக்குன்னு இந்தப் படத்தைப் பெருசா ஒண்ணு போட்டு வெச்சிருந்தேன். நீங்களே எடுத்துக்கங்க.

— எனக்கா?

— உங்களுக்குத்தானுங்க. கிழிச்சர மாட்டீங்களே?

— மாட்டேன். இத்தன பக்கத்துல நானே பாத்ததில்ல. எப்படிக் கிழிப்பேன்?

— இனிமே இது எங்கயும் வராதுங்க. பேப்பர்காரங்ககிட்டயும் சொல்லிர்றேன். வேற யாராவது வீட்டுல மனுசங்க இப்படித் தூங்காம இருந்திருப்பாங்களோன்னு இப்பத்தானுங்க எனக்கே தோணுது. நான் எடுத்த படம் எத்தனையோ இருக்குது.

— உன்ன ஒண்ணும் சொல்லல தம்பி. நீ எடுக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அது நல்லதா கெட்டதான்னு சாய்ந்தரம்தான் தெரியும். இந்தா, வண்டிச் சாவி.

— ஐயோ, வேண்டாமுங்க. உங்களை நம்பறேன். முகூர்த்தம் குறிச்சா ஒரு ஃபோன் பண்ணுங்க. நானே வந்து எடுத்துத் தர்றேன். மேடை மேல நிக்க வெச்சு இல்லீங்க, சொல்லாம கொள்ளாம, அவங்க பாக்காதப்ப.

— சொல்றேன்.

— அண்ணா! படியில பாத்து, லைட்டு எரியாது. இன்னொண்ணு. வீட்டுல அண்ணிகிட்ட மொதல்லயே பக்குவமா எடுத்துச் சொல்லிருங்க. இதுல அம்மாக்கள்தானுங்க ரொம்ப ஒடைஞ்சு போவாங்க. அவங்களுக்கு இந்த விஷயம் தெரியுமுங்களா?

— தெரியாம இன்னா தம்பி. அந்த ஸ்கூட்டர்ல உக்காந்துக்கினு கீறதே அந்த அண்ணிதான்.